அரசி இல்லாத இல்லம்

போன ஆண்டு சித்திரையில் நான் போட்ட வடகம் பூசணம் பூத்துவிட்டது. சொல்ல வந்த சம்பவம் இவ்வளவுதான். ஆனால் இதை வெளியில் சொல்ல எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தாளிப்பு வடகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பொரித்துத் தின்னும் அரிசி வடகம் அல்ல. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசறி, ஓரிரவு பானையில் மூடி வைப்பார்கள். காலையில் வெங்காயம் தண்ணீர் விட்டிருக்கும். அதைப் பிழிந்து உருண்டை பிடித்து மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்துப் பிழிந்த தண்ணீரிலேயே மறுபடி போட வேண்டும். மறுநாள் மறுபடி உருண்டை. தண்ணீர் முழுவதையும் வெங்காயம் திரும்பக் குடித்த பிறகு, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, ஒரு வாரமோ பத்து நாளோ வெயிலில் விட்டால் கறுத்து இறுகிக் கல்லாகிவிடும். காரக்குழம்புக்கோ கீரைக் கடைசலுக்கோ அதில் ஒரு சிட்டிகை உதிர்த்துக் காய்ந்த எண்ணெயில் போட்டால் தெரு முனை வரை மணக்கும். ஒரு கோடையில் போட்டது அடுத்த கோடை வரை வரும். வேலூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறோம். அந்த வெயிலால் ஆகிற ஒரே நல்ல காரியம் இந்த வடகம் என்பது என் கருத்து.

அந்த நல்ல காரியத்தைத்தான் நான் கெடுத்தேன். நான்கு கிலோ வெங்காயம். எட்டாம் நாள் ஓர் உருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு. அத்தை, அதாவது என் மாமியார், வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முறத்தோடு எடுத்துப் போய்த் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். முறத்தை அவர் தட்டிய அந்த மூன்று தட்டு சத்தம் பல மாதங்கள் என் காதிலேயே இருந்தது.

எனக்கு வேலைக்குப் போகிறேன் என்ற சாக்கும் இல்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் செவிலியர். இரவுப் பணி முடித்து அவர் வீடு திரும்பும்போது நான் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பேன். அவர் வீட்டில் தூசி இருந்தால் அது களைப்பு. என் வீட்டில் தூசி இருந்தால் அது குணம். பதினாறு ஆண்டுகளாக நான் முழுநேரமும் வீட்டில்தான் இருக்கிறேன். இதுதான் என் வேலை. இந்த வேலை எனக்கு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கியில் வாடிக்கையாளர் படிவத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த ஊழியர், தானாகவே எட்டி ‘இல்லத்தரசி’ என்று எழுதிக் கொடுத்தார். அன்று காலை பாலைப் பொங்கவிட்டு, அடிப்பிடிக்கவிட்டு, கரிந்த பாத்திரத்தைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தேன். அரசி!

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஆளுக்கு ஆள் பட்டியல் மாறும், இன்னும் சிலவற்றைச் சேர்த்து ஏழு அதிசயம் என்பார்கள், அவற்றில் சில பெண்களைப் பற்றியவை, அவற்றை நான் எழுதப்போவதில்லை. படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கோட்டை ஓரமாக நடந்து வரும்போது என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: அரசி இல்லாத இல்லம். எட்டாவது அதிசயம். வெகுநாட்கள் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது முழுக்கச் சிரிப்பு அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் பிறந்தது ஆற்காடு. அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். காலை ஏழு மணிக்குத் தெருமுனைக்கு வேன் வரும், இரவு ஏழு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அம்மாவின் புடவையில் எப்போதும் பசை வாடையும் தோல் வாடையும் கலந்து வீசும். எங்கள் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எத்தனையோ வீடுகளின் உலை இப்படி வேன் ஏறிப் போன பெண்களால்தான் கொதித்தது. இருந்தும் சொந்தக்காரர்கள் அம்மாவைப் பற்றி ‘வீடு பார்க்கத் தெரியாதவள்’ என்றுதான் பேசினார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றித் தளம் போட்டது அம்மாவின் சம்பளம். தளம் போட்ட வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அப்படிச் சொன்னார்கள்.

வீட்டைப் பார்த்தது ஆயா. அப்பாவின் அம்மா. அடுப்படி ஆயாவின் ராஜ்யம். நான் உள்ளே எட்டிப் பார்த்தால் ‘உனக்கு இங்கே என்ன வேலை, போய்ப் படி’ என்று விரட்டுவார். அம்மாவும் அதையேதான் சொன்னார், வேறு காரணத்துக்காக. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பெண்ணை அடுப்படியிலிருந்து காப்பாற்றினார்கள். நான் வணிகவியல் படித்தேன், வகுப்பில் மூன்றாவதாக வந்தேன். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஆயா போய்விட்டார். அவரோடு உப்பு அளவு, புளி அளவு, எந்தப் பானையில் எது என்ற கணக்கு எல்லாம் போய்விட்டது. அம்மாவுக்கு அவற்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை. எனக்கு அனுமதி இருந்ததில்லை. பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, எல்லாரும் நான் சமைப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். முதல் ஆண்டே பெண் பிறந்தாள், பிறகு மாமனார் படுக்கையில் விழுந்தார். அது வேறு கதை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அத்தைக்கு ஊர் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி. முள் கத்தரிக்காய் விளையும் ஊர். காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும், காய் வெண்ணெயாக வேகும். 2023-ல் அதற்கு வேலூர் முள் கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். ‘காய்க்குக் கொடுத்தார்கள் சரி, ஆக்குகிற கைக்கு என்ன கொடுத்தார்கள்’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தால் காய் நான்காகப் பிளந்தும் காம்பில் சேர்ந்து நிற்கும். நான் செய்தால் அது கடைசல் ஆகிவிடும். கடைசல் செய்யலாம் என்று இறங்கினால் அன்று மட்டும் காய் வேகாது.

தமிழில் ஒரு வம்பு இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். சமையல் நன்றாக இருந்தால் எல்லாப் பெருமையும் கைக்குத்தான்: கைப்பக்குவம், கைமணம், கைராசி, கைவாகு. அளவு கேட்டால் ‘கண்ணளவுதான்’ என்பார்கள். கையும் கண்ணும் உடம்போடு பிறந்தவை அல்லவா? அப்படியென்றால் சமையல் கெட்டுப்போனால் கெட்டது என் கை. கற்றுக்கொள்ளவில்லை என்று ஆகாது, பிறவிக் கோளாறு என்று ஆகிவிடும். என் கையை எத்தனையோ இரவுகள் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கைதான்.

முதல் மூன்று ஆண்டுகள் எனக்குப் பருப்பே வேகவில்லை. மிகையாகச் சொல்லவில்லை. குக்கரில் ஆறு விசில், ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டிருக்கும். சாம்பாரில் தண்ணீர் மேலே, பருப்பு கீழே. என் பெண் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொன்னாள்: ‘அம்மா, உன் சாம்பாரில் எல்லாமே தனித்தனியாக இருக்கிறது.’ அத்தை அந்த நாட்களில் மாமனாரோடு மருத்துவமனையும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தார். பருப்பை யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. பருப்பு வேகவைக்கத் தெரியாது என்று எந்த வாயால் கேட்பது?

பிறகு எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. பிடித்து வைத்துக் குடிக்கவும் உலைக்கும் வைத்துக்கொண்டோம். முதல் நாள் மூன்றாம் விசிலில் பருப்பு வெண்ணெயாகக் குழைந்து கிடந்தது. குக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதுவரை ஆழ்துளைக் கிணற்று நீரில் வேகவைத்துக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் பருப்பு இளகாது. இது ஆயாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது: ஆயா வீட்டில் இரண்டு குடம் இருக்கும். ஒன்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், துணிக்கும் பாத்திரத்துக்கும். இன்னொன்று அரை மைல் நடந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர், பருப்புக்கும் குடிக்கவும். ஆயாவின் கைமணம் என்று நாங்கள் கொண்டாடியதில் பாதி அந்த அரை மைல் நடைதான். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்து ஊர் ஊராகக் கிணறு கெட்டது. வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். அம்மா சம்பளம் வாங்கியது தோலில். ஆயா நடந்தது அந்தத் தோல் கெடுத்த தண்ணீருக்காக. மூன்று ஆண்டுகள் அழுததற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இது.

தண்ணீர்க் கதையைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக என்னை விடுதலை செய்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் தண்ணீர் அல்ல.

ஆடி மாதக் கூழ் தண்ணீர் அல்ல. எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கம் உண்டு. கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் வெந்து வரும்போது ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். ஒரு நிமிடம் போன் எடுக்கப் போனேன். அந்த ஒரு நிமிடத்தில் அண்டா முழுவதும் கட்டி. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் கணவரின் பெரியப்பா சொம்பைத் தூக்கிப் பார்த்து, ‘கூழ் ஊற்றச் சொன்னால் கொழுக்கட்டை ஊற்றுகிறாயே அம்மா’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வன்மமில்லாத சிரிப்புதான், முருங்கைக்கீரையையும் கருவாட்டுக் குழம்பையும் ஊற்றிக்கொண்டு அதே கூழை இரண்டு சொம்பு குடித்தார் அவர். இது நடந்து பதினொரு ஆண்டுகள். அவர் மறந்துவிட்டார். மறந்ததோடு போன ஆடியில், ‘உன் கையால் கூழ் குடித்து வெகுநாள் ஆயிற்று’ என்று வேறு சொன்னார். நான் மட்டும் அந்தக் கொழுக்கட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

துணி மடிப்பதும் தண்ணீர் அல்ல. எதிர்வீட்டு அக்காவின் அலமாரியைத் திறந்தால் புடவைகள் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். என் அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் அந்த அக்கா இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலம் போடுவார். நான் ஏழு புள்ளி வைத்தால் ஆறாவது வரிசையில் ஒன்று கூடும். எங்கே கூடியது என்று கண்டுபிடிப்பதற்குள் பால்காரர் அதன் மேல் சைக்கிளை நிறுத்திவிடுவார். அவருக்கு என் நன்றி.

இட்லி மாவைப் பற்றி ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டும். மே மாதத்து வேலூரில் மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு ஆட்டி வைத்துத் தூங்கினால் காலையில் பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையில் நடந்துகொண்டிருக்கும். அதே மாவு மார்கழியில் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்காது. மாதத்துக்கு ஒரு கணக்கு. வெயிலுக்கு உப்பைப் பிறகு போடு, குளிருக்குக் கையால் கலக்கு, வெந்தயத்தைக் குறை, கூட்டு. எனக்கு எந்த மாதமும் பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் தெருமுனைக் கடையில் விற்கும் மாவை வாங்க ஆரம்பித்தேன். வாங்கினேன் என்று சொன்னால் போதாது. வாங்கி வந்து, எங்கள் வீட்டுத் தூக்கில் ஊற்றி, உறையைக் காய்கறித் தோலுக்கு அடியில் குப்பையில் அமுக்கி, கிரைண்டரைச் சும்மா ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். இரண்டு மாதம் இந்த நாடகம் நடந்தது. கடைசியில் என் பெண்தான் காட்டிக்கொடுத்தாள்: ‘ஆயா, அம்மா காலி கிரைண்டரைச் சுற்றுகிறாள்.’ அத்தை என்னைப் பார்த்து, ‘கரண்ட் பில்லாவது மிச்சமாகட்டும், நிறுத்து’ என்றார். அதோடு நாங்கள் கடை மாவுக்காரர்கள் ஆனோம். முதல் வாரம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார், இரண்டாம் வாரம் சும்மா சாப்பிட்டார்.

என் கணவர் நல்லவர். மருந்துக் கடையில் வேலை, காலை எட்டுக்குப் போனால் இரவு பத்து. ஆண்டுக்கு நான்கு முறை ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பாணியில் பிரியாணி செய்வார். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், எல்லாம் முறைப்படி. தெருவே பேசும். அவருடைய பிரியாணிக்கு நான் வெங்காயம் நறுக்குவேன், அரிசி களைவேன், பதினேழு பாத்திரம் துலக்குவேன். ஆண்டுக்கு நான்கு முறை சமைக்கிறவருக்குக் கைமணம் என்ற பட்டம், தினம் மூன்று வேளை சுமாராகச் சமைக்கிறவளுக்கு ‘பரவாயில்லை’. இதை எழுதிவிட்டு அவரிடம் படித்துக் காட்டினேன். பாத்திரத்தின் எண்ணிக்கையை மட்டும் மறுத்தார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தேன். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது 289, 88. பெண்களுக்கும் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது. என்ன நேர்த்தியான சமத்துவம்! ஆனால் என்னை உறுத்தியது அந்த இடைவெளி அல்ல. நானும் அந்த ஐந்து மணி நேரத்தைச் செலவிடுகிறேன், இன்னும் கூடவே செலவிடுகிறேன். நான் சோம்பேறி அல்ல என்பதற்கு அரசாங்கத்திடமே சான்று இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் ஐந்து மணி நேரம் அடுக்கிய அலமாரியாகவும் கோலமாகவும் எழுந்து நிற்கிறது. என் ஐந்து மணி நேரம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கணக்கெடுப்பில் நிமிடத்தைத்தான் கேட்டார்கள், குழம்பை ருசி பார்க்கவில்லை. நல்லவேளை.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை எங்கள் வீட்டில் அத்தை பேருக்கு வருகிறது. மாதம் 1,000 ரூபாய். குடும்பத் தலைவி அவர்தான், அதில் சந்தேகமே இல்லை. பணம் வந்த முதல் மாதம் அதில் ஐந்நூறை எடுத்து என்னிடம் நீட்டினார். எதற்கு என்றேன். ‘நீயும்தானே நாள் முழுக்க எதையோ செய்துகொண்டிருக்கிறாய்’ என்றார். எதையோ! பதினாறு ஆண்டு உழைப்புக்கு இதைவிடச் சரியான சொல்லை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது இந்த ஆண்டு வடகத்துக்கு வருகிறேன்.

போன ஆண்டு கொட்டிய பிறகு, இந்தச் சித்திரையில் அத்தையே முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார். எழுபத்திரண்டு வயது. என்னைத் தொடவிடவில்லை, வெங்காயம் உரிக்க மட்டும் சேர்த்துக்கொண்டார். இடிப்பு அவர், பிழிவு அவர், உருட்டியது அவர். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததற்கும் அவர் செய்ததற்கும் எங்கே வித்தியாசம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். உருண்டையை அவர் இன்னும் கொஞ்சம் சிறியதாகப் பிடித்தார். அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் மாலை ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி, காற்று, மழை. ஓடிப்போய் அள்ளினோம். மறுநாள் மூட்டம், அதற்கு மறுநாளும் மூட்டம். மேலே காய்ந்த உருண்டை உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டது. எட்டாம் நாள் அத்தை ஓர் உருண்டையை உடைத்தார். சாம்பல் நிறப் பஞ்சு.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்யப்போகிறார்? கையைப் பார்ப்பாரா? முந்தானையால் கண்ணைத் துடைப்பாரா? அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டுமே அறிந்த சில சொற்களால் அந்த மழையையும் அதைப் பெற்ற மேகத்தையும் வைதார். அச்சில் ஏற்ற முடியாது. பிறகு முறத்தை எடுத்துத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு மூன்று தட்டு தட்டினார்.

அதே மூன்று தட்டு. அதே சத்தம். முறத்தில் ஒட்டியிருப்பது உதிர்வதற்காகத் தட்டுவது!

போன ஆண்டும் மழை பெய்ததே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறாம் நாள் பெய்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ‘அப்பாடா, புழுக்கம் குறைந்தது’ என்று சொன்னவள் நானே. வடகம் கெட்டபோது அந்த மழை என் நினைவில் ஒரு துளிகூட இல்லை. ஒரே மாடி, ஒரே மழை, ஒரே பூசணம். அவர் வானத்தைத் திட்டினார். நான் ஓராண்டாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ‘அப்படியென்றால் போன வருடம் கெட்டதற்கும் மழைதானே அத்தை காரணம்’ என்றேன். ஆமாம், உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் மனம் அப்படித்தானே அலைகிறது.

‘மழை பாதி’ என்றார். ‘உருண்டையையும் நீ பெரிதாகப் பிடித்திருந்தாய். மழை வராவிட்டாலும் உள்ளே சதசதவென்றுதான் இருந்திருக்கும். உனக்கு இது வராது. விடு.’

கோபமில்லாமல் சொன்னார். அவரைக்காய் முற்றல் என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நாரையே உரித்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: ‘எனக்கு நீச்சல் வராது. எங்கள் ஊர்க் கிணற்றில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் மேலிருந்து குதிப்பார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து துணிக்குக் காவல் இருந்தேன். அதற்காக அழுதா கிடந்தேன்?’

தோழிகள் எனக்கு ஆறுதல் சொல்லும்போது ஒரு தராசைக் கொண்டுவருவார்கள். சமையல் வராவிட்டால் என்ன, நீ கணக்கு நன்றாகப் பார்க்கிறாயே, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறாயே, தெருவுக்கே படிவம் நிரப்பித் தருகிறாயே. ஒரு தட்டில் குறை, மறு தட்டில் நிறை, முள் நடுவில் நிற்க வேண்டும். வீட்டுக் கணக்கை நான் பைசா பிசகாமல் எழுதுகிறேன், உண்மைதான். அதற்கும் கட்டி விழுந்த கூழுக்கும் என்ன சம்பந்தம்? அத்தை தராசையே எடுக்கவில்லை. நீச்சல் வராததற்கு ஈடாக அவர் வேறு எதையும் காட்டவில்லை. மேட்டில் உட்கார்ந்திருந்தேன் என்றார், அவ்வளவுதான். அந்த வகுப்பில் மூன்றாவதாக வந்தவளின் கணக்கு முறைப்படி நானும் எழுதிப் பார்த்தேன்: பருப்பு தண்ணீர்மேல் பற்று, வடகம் மழையின்மேல் பாதி பற்று. கூழ், கோலம், அலமாரி, மாவு, வடகத்தின் மறுபாதி என் பெயரில். மீதி என்னுடையது. என்னுடையதை எங்கேயும் தள்ளிவிட வேண்டியதில்லை என்று தோன்றியது. ஒரு நாள் முழுக்க அப்படித் தோன்றியது. மறுநாள் எதிர்வீட்டு அக்கா அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு எதையோ தேடியபோது பழைய எரிச்சல் திரும்ப வந்தது. இப்போதும் வருகிறது, வந்துவிட்டுப் போகிறது.

ஊர்க் கேலியையும் ஒரு நாள் மறுபடி எண்ணிப் பார்த்தேன். சாமி இல்லாத கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார், சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். தண்ணீர் இல்லாத பாலாற்றில் 2021 நவம்பரில் கரை புரண்டு வெள்ளம் வந்ததை ஊரே பாலத்தின் மேல் நின்று பார்த்தது, நானும் பெண்ணைத் தூக்கிக் காட்டினேன், அவளுக்கு அப்போது தூக்குகிற வயது இல்லை என்றாலும். கோட்டைக்கு மட்டும் இன்னும் அரசன் வரவில்லை. அகழியில் தண்ணீர் இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, சாயங்காலம் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கடலை தின்கிறார்கள். அரசன் எங்கே என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன வாரம் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனேன். ஓரமாகச் சாக்கு விரித்து ஒரு பாட்டி வடகம் விற்றுக்கொண்டிருந்தார். கறுத்து இறுகிய உருண்டைகள், நல்ல வாசனை. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன்.

‘வீட்டில் போடுவதில்லையா பாப்பா?’ என்று கேட்டார்.

பழைய நானாக இருந்தால், இந்த வருடம் மழை, மாமியாருக்கு முடியவில்லை, மாடியில் வேலை நடக்கிறது என்று மூன்று காரணம் அடுக்கியிருப்பேன்.

‘எனக்கு வராது ஆயா’ என்றேன்.

‘அப்படியென்றால் இரண்டு கிலோவாக வாங்கிக்கொள்’ என்றார் தராசை எடுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பையைப் பிரித்தார். ஓர் உருண்டையை உடைத்து உள்ளே பார்த்தார், விரலில் தேய்த்தார், முகர்ந்தார். விளக்கெண்ணெய் போதாது என்றார். பூண்டு மட்டம். உளுந்து உடைத்தது, முழு உளுந்து இல்லை. உருண்டை பரவாயில்லை, சின்னதாகப் பிடித்திருக்கிறாள். இப்படி ஒரு கால் மணி நேரம், வெகு சந்தோஷமாக. பிறகு, ‘கிலோ எவ்வளவு கொடுத்தாய்?’ என்றார்.

நூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பொய் சொல்லவும் உனக்கு வரவில்லை’ என்றபடி ஜாடியை எடுக்க உள்ளே போனார்.